வாசலுக்குப் போன கடை

தபால்காரர் ஹசானின் சைக்கிள் மணி சாலை முனையில் கேட்டதுமே கருணாகரன் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினான். ஓடாமல் என்ன செய்வான்? தன் பிழைப்பையே பழுப்புத் தாளில் சுற்றி, சணல் கயிறு போட்டுக் கட்டி, போன புதன்கிழமை தபாலில் அனுப்பியிருந்தான். இன்று செவ்வாய். பணம் வரலாம், ஒரு சேதியாவது வரலாம் என்று காலையிலிருந்து வாசலுக்கும் அடுப்படிக்கும் நடையாய் நடந்துகொண்டிருந்தான்.

ஹசான் வந்தார். அவரோடு பழுப்புப் பொட்டலங்களும் வந்தன. சைக்கிளின் பின்னால் அடுக்கடுக்காக, கருணாகரன் போட்ட அதே முடிச்சோடு, அவன் எழுதிய அதே விலாசத்தோடு. ஒவ்வொன்றின் மூலையிலும் நீலப் பென்சிலால் ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை கிறுக்கியிருந்தது. வாங்க மறுத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

"எல்லாமேவா?" என்று கேட்டான். ஹசான் மலாய்க்காரர். இருவரும் பேசிக்கொள்வது எப்போதும் மலாயில்தான்.

"ஒண்ணு மட்டும் காணோம். அதை வாங்கிக்கிட்டாங்க போல. மத்ததெல்லாம் இங்க இருக்கு. திருப்பிக் கொண்டுவந்த கூலியைக் கொடுத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

கருணாகரன் கொடுத்தான், போட்டான். பொட்டலங்களைக் குழந்தையைத் தூக்குவது போல மார்போடு அணைத்து உள்ளே கொண்டுபோனான். மனைவி கோகிலா கையில் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் கரண்டியை வைத்துவிட்டு வந்து பொட்டலங்களை எண்ண ஆரம்பித்தாள்.

இந்த வியாபாரம் எப்படி ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன். மலாக்கா டவுனில் சோமசுந்தரம் செட்டியாரின் ஜவுளிக் கடையில் கருணாகரன் சேலை விற்றவன். மீசை முளைக்காத வயதில் உள்ளே போனவன், கடை மூடும் வரை அங்கேதான் இருந்தான். நாடு சுதந்திரம் வாங்கிய கையோடு செட்டியாருக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. கொடி ஏற்றிய ஆரவாரம் அடங்குவதற்குள் கடையைக் காலி செய்துவிட்டுக் கப்பலுக்குச் சீட்டு எடுத்துவிட்டார். "கருணாகரா, இந்தப் பெட்டியில கிடக்குற சேலையெல்லாம் நீ எடுத்துக்க. உன் வாய்க்கு நீ வித்துப்புடுவே" என்று சொல்லி, தோளில் தட்டி, போயே போய்விட்டார். நல்ல மனுஷர்தான். ஆனால் கடை இல்லாதவன் கையில் ஒரு பெட்டிச் சேலையைக் கொடுத்தால் அவன் எங்கே வைத்து விற்பான்?

டவுனை ஒட்டிய காஜா பேராங்கில் அவர்கள் குடியிருந்தது பொன்னம்மா என்ற அம்மாளின் வீட்டுப் பின்கட்டில்; பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் வேரூன்றிவிட்ட செட்டி இனத்துக்காரர். பொன்னம்மாவுக்குத் தமிழ்ப் பேர் உண்டு, கோயில் உண்டு, திருநீறு உண்டு. தமிழ் மட்டும் வராது. சாரோங் கைலியும் கெபாயாச் சட்டையும் உடுத்தி மலாய்தான் பேசுவார். வாசலில் சேலை பரப்பி விற்கலாமா என்று கேட்டதற்கு, தாராளமாக விற்றுக்கொள் என்றார். விற்றுப் பார்த்தான். பொன்னம்மாவின் கோழிகள்தான் வந்து பார்த்துவிட்டுப் போயின.

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. ரப்பர் எஸ்டேட் ஜனங்கள் வருஷத்துக்கு ஒரு முறை தீபாவளிச் சேலைக்காக ஒரு நாள் வேலையை விட்டு, பஸ் பிடித்து, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மலாக்காவுக்கு வருவதை அவன் எத்தனை வருஷம் பார்த்திருக்கிறான். அவர்கள் ஏன் கடைக்கு வர வேண்டும்? கடையே அவர்கள் வீட்டுக்குப் போனால் என்ன? தமிழ்ப் பத்திரிகையில் மூலையில் சின்னதாக விளம்பரம் கொடுத்தான். ஒரு தபால் அட்டை எழுதிப் போட்டால் போதும். துணியின் மாதிரித் துண்டுகள் காகிதத்தில் ஒட்டி வீடு தேடி வரும். பிடித்த துண்டின் எண்ணை எழுதினால் சேலை பார்சலாக வரும். தபால்காரர் கையில் காசைக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்ளலாம். முன்பணம் வேண்டாம்.

"முகமே தெரியாதவனை நம்பிச் சேலையை அனுப்புறீங்க. அவனும் முகமே தெரியாத உங்களை நம்பிக் காசு கொடுக்கணும். இது நடக்கிற காரியமா?" என்று கோகிலா அப்போதே கேட்டாள்.

"தபால்காரரு நடுவுல இருக்காரு இல்ல? காசு வந்தாத்தான் அவரு பொருளைக் கொடுப்பாரு. பொருள் கைக்கு வந்தாத்தான் அவங்க காசு கொடுப்பாங்க. ரெண்டு பேருக்கும் பயமில்ல."

பயமில்லை என்று சொன்னவனுக்குத்தான் அன்று தொட்டுச் சோறு இறங்கவில்லை. அட்டைகள் என்னவோ வந்தன. தங்காக், சிகாமட், பஹாவ், ஜாசின் என்று எங்கெங்கோ இருந்து, எஸ்டேட் ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியைப் பிடித்து எழுதி வாங்கிய அட்டைகள். வாராவாரம் சிலதாக அனுப்புவோம் என்று முதல் கட்டை அனுப்பினான். அதுதான் இப்போது திரும்பி வந்து அறை நடுவில் கிடக்கிறது.

கருணாகரனின் பயம் எதைப் பற்றி என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கோகிலாவின் அண்ணன் நடராஜன் ஒரு எஸ்டேட்டில் மண்டோர், கூலி ஆட்களை வேலை வாங்குகிற கங்காணி. நல்லவர், முரடர். கடை மூடிய சேதி கேட்டதுமே துரையிடம் பேசி, தங்கை புருஷனுக்கு ரப்பர் பால்வெட்டு வேலையும் கூலிக்காரர் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வீடும் பார்த்து வைத்துவிட்டார். தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை லாரியோடு வருவதாகச் சொல்லியிருந்தார். "அதுக்குள்ள உன் தபால் கடை ஓடுச்சுன்னா சரி மாப்பிள்ளை. ஓடலன்னா சாமானைக் கட்டிக்கிட்டு வந்து லாரியில ஏறு" என்பது அவர் பேச்சு.

கருணாகரன் லயத்தில் பிறந்தவன். விடியும் முன்னே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பேர் கொடுக்க ஓடிய அப்பாவை அவன் பார்த்திருக்கிறான். ரப்பர் ஒட்டுப்பால் வாடை ஏறிய சட்டையை எத்தனை முறை துவைத்தாலும் அந்த வாடை போகாது. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்த பையன் மூக்கைப் பிடித்துக்கொண்டது இன்றைக்கும் நினைவிருக்கிறது. அந்த வாடைக்குத் திரும்பிப் போகக்கூடாது என்றுதான் அவன் செட்டியார் கடையில் சேர்ந்தான். புதுத்துணி வாசனையிலேயே காலம் கழிந்தது. இப்போது லாரி ஒன்று வந்து அவனை மறுபடியும் அங்கேயே கொண்டுபோய் இறக்கப் போகிறது.

அவன் திரும்பி வந்த பொட்டலங்களை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு முடிச்சுகூட அவிழவில்லை. அரக்கு உடையவில்லை.

"பிரிச்சுப் பார்த்துட்டுப் பிடிக்கலன்னாலாவது மனசு ஆறும் கோகிலா. பிரிக்கவே இல்லையே! சாயம் நல்லாயில்ல, கரை சின்னதுன்னு சொல்லியிருக்கலாம். கண்ணால பார்க்காமயே வேண்டாம்னா என்ன அர்த்தம்?"

"யாராவது ஏதாவது சொல்லி வச்சிருப்பாங்க" என்றாள் கோகிலா.

போதாதா? கருணாகரனுக்கு உடனே கணேசமூர்த்தியின் முகம் கண்முன் வந்தது. கணேசமூர்த்தி அதே செட்டியார் கடையில் கூட வேலை செய்தவன். இப்போது இன்னொரு ஜவுளிக் கடையில் சேர்ந்துவிட்டான். தபால் வியாபாரம் என்றதும் வயிறு குலுங்கச் சிரித்தவன். எஸ்டேட் ஆட்களெல்லாம் அவன் கடைக்கு வருவார்கள். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதுமே, 'தபால் சேலையா, உள்ளே கிழிசல் இருக்கும்' என்று!

சட்டையை மாட்டிக்கொண்டு டவுனுக்குக் கிளம்பினான். சண்டை போடுவதென்றே போனான். போனால் கணேசமூர்த்தி தலைக்கு மேல் வேலையாக இருந்தான். கடை நிறையப் பெண்கள். ஒருத்தி சேலைக் கரையை விரலால் கசக்கிப் பார்க்கிறாள், ஒருத்தி வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறாள், ஒருத்தி மகள் தோளில் போட்டு அழகு பார்க்கிறாள். கணேசமூர்த்தி வேர்வையைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்து, "வாங்கண்ணே! பசியாறிட்டீங்களா? தபால் கடை எப்படி ஓடுது? இங்க மூச்சு விட நேரமில்லண்ணே, உங்களைப் பத்திப் பேசக்கூட நேரமில்ல" என்றான். அவன் சொன்ன விதத்தில் பொய் இருப்பதாகத் தெரியவில்லை. கருணாகரன் சண்டையை வாயிலேயே மென்று விழுங்கிவிட்டு வெளியே வந்தான். ஆற்றுப் பாலத்தின் மேல் நின்றபோது ஒரு விஷயம் மட்டும் உறைத்தது. சேலையைத் தொட்டுப் பார்க்காமல் யாரும் வாங்கமாட்டார்கள் போலிருக்கிறது. அப்படியென்றால் தபால் கடை என்பதே பைத்தியக்காரத்தனம்தானா?

ஆனால் ஒருத்தி வாங்கியிருக்கிறாளே! லூர்துமேரி என்று பேர். பஹாவ் பக்கத்து எஸ்டேட்டில் ஆஸ்பத்திரி ஆயா. அந்த ஒரு பொட்டலம் மட்டும் திரும்பவில்லை. அவள் ஏன் வாங்கினாள்? ஆஸ்பத்திரிக்காரி, படித்தவளாக இருப்பாள், தபாலுக்குப் பயப்படமாட்டாள். இப்படி ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டான். அது தப்பு என்று பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் அவனுக்கு அதற்கு மேல் ஓடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கோகிலா வேறொரு காரணம் வைத்திருந்தாள். "போன தடவை நீங்க கிளம்புறப்போ நம்ம பூனை குறுக்க வந்துச்சு. நான் அப்பவே நினைச்சேன்."

இரண்டாவது கட்டை அனுப்பும்போது அதனால் எந்தக் குறையும் வைக்கவில்லை. மறுநாள் மறுபடியும் புதன்கிழமை. புது வேலை தொடங்கப் புதனைப் போல ஒரு நாள் கிடையாது என்பது இருவருக்குமே உறுதி. செட்டியார்கூட புதுக் கணக்கைப் புதனில்தான் போடுவார். பஞ்சாங்கத்தைப் பார்த்து நல்ல நேரம் குறித்தார்கள். பூனையைப் பொன்னம்மா வீட்டுப் பக்கம் விரட்டிவிட்டார்கள். ஒவ்வொரு பொட்டலத்திலும் ரவிக்கைத் துண்டு ஒன்று இனாமாக வைத்தான். கோகிலா ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைத்தாள். திரும்பி வந்தவற்றோடு மிச்சமிருந்த அட்டைகள் அத்தனைக்கும் சேர்த்து அனுப்பினார்கள். பெட்டி காலி.

பெட்டி காலியானதும் பயம் இரண்டு மடங்காகியது. முன்பாவது வீட்டில் சரக்கு இருந்தது. இப்போது எல்லாமே ஏதோ ஒரு ரயில் பெட்டியிலோ பஸ் கூரையிலோ ஏதோ ஒரு தபால் பையிலோ இருக்கிறது. எங்கே இருக்கிறது என்று தெரியாது, யார் கை தொடுகிறது என்று தெரியாது. கருணாகரன் உட்கார்ந்தால் எழுந்தான், எழுந்தால் உட்கார்ந்தான். சாலையில் போன ரொட்டிக்காரனின் மணிக்கெல்லாம் வாசலுக்கு ஓடினான். ரொட்டிக்காரன் அவனைப் பார்த்து ரொட்டி வேண்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டு இரண்டு முறை வாங்கிவிட்டான். "நல்லா வியாபாரம் பண்றீங்க. நீங்க விக்கப் போறீங்களா, வாங்கப் போறீங்களா?" என்று கோகிலா கேட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஹசான் வரவில்லை. நடுவில் நபி பிறந்த நாள் லீவு வந்ததால் தபால் தேங்கிவிட்டதாகப் பொன்னம்மா சொன்னார். புதன் போயிற்று. வியாழன் போயிற்று. திரும்பி வரவில்லை என்றால் வாங்கிவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்? கருணாகரன் மெல்ல மெல்ல நம்பத் தொடங்கினான். வியாழன் சாயங்காலம் கோகிலாவைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தான்.

வெள்ளிக்கிழமை காலை. கோகிலா தலை முழுகி, வாசல் கழுவி, மஞ்சள் தெளித்து, விளக்கேற்றிச் சாம்பிராணி போட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் எல்லாம் முறைப்படி நடக்கும். உப்புக் கடன் கொடுக்கமாட்டாள், ஊசி கொடுக்கமாட்டாள். பால்காரர் காசு கேட்டாலும் நாளைக்குத்தான். இது என்ன புதுசா, ஊர் உலகத்தில் எல்லார் வீட்டிலும் உள்ளதுதானே.

மணி கேட்டது. கருணாகரன் எட்டிப் பார்த்தான். ஹசானின் சைக்கிளில் பழுப்புப் பொட்டலங்கள், போன முறையைவிட உயரமாக. கோகிலா வைத்த மஞ்சள் புள்ளிகள் தூரத்திலேயே தெரிந்தன.

எல்லாம் போச்சு. லாரிதான், லயம்தான்.

"சீக்கிரம் வாங்க" என்றார் ஹசான். புதுத் தொப்பியும் சலவைச் சட்டையுமாக இருந்தார். "தொழுகைக்குப் போகணும். கூலியைக் கொடுத்துட்டுப் பொட்டலத்தை எடுத்துக்குங்க."

கருணாகரன் யோசிக்கவே இல்லை. எத்தனையோ வெள்ளிக்கிழமை எத்தனையோ பேரிடம் சொன்ன வார்த்தைதான். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை. வீட்டுல இருந்து காசு எடுத்துக் கொடுக்க முடியாது. நாளைக்கு வாங்களேன்."

ஹசானுக்கு நேரமாகிவிட்டது. சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். நீலப் பென்சில். நுனியை நாக்கில் தொட்டுக்கொண்டு மேலே இருந்த பொட்டலத்தில் எழுத ஆரம்பித்தார்.

கருணாகரன் அந்தப் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தான். முதல் எழுத்து விழுந்தது. ஏற்கெனவே அங்கே இருந்த வார்த்தைக்குக் கீழேயே, அதே எழுத்து.

"என்ன எழுதுறீங்க?"

"வேண்டாம்னு சொன்னீங்களே."

"நான் எங்க வேண்டாம்னேன்? நாளைக்கு வாங்கன்னுதான் சொன்னேன்!"

"நாளைக்கு நான் வேற பக்கம் போறேன். பை இன்னைக்கே கட்டணும். காசு கொடுத்தா வாங்கிக்கிட்டீங்க, கொடுக்கலன்னா வேண்டாம்னுட்டீங்க. எங்களுக்கு ரெண்டே வார்த்தைதான்."

கருணாகரனுக்குத் தலையில் சட்டியைப் போட்டு உடைத்தது போல இருந்தது. புதன்கிழமை இங்கே தபாலில் போடுகிறான். எஸ்டேட்டுக்கு என்றைக்குப் போய்ச் சேரும்? வெள்ளிக்கிழமை! அங்கே ஒரு கோகிலா தலை முழுகி விளக்கேற்றி வைத்திருப்பாள். வாசலில் ஒரு ஹசான் தொழுகைக்கு நேரமாகிறதென்று நிற்பார். காசைக் கொடு என்பார். வெள்ளிக்கிழமை, நாளைக்கு வாங்க என்பாள் அவள். பென்சில் எழுதிவிட்டுப் போய்விடும். மறுநாள் அந்தப் பெண் சேலை வரும் வரும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

செட்டியார் கடையில் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் கூட்டம் நெரியும். அதனால்தான் அவன் மண்டைக்கு இது எட்டவே இல்லை. கடைக்குப் போய்ப் புதுச்சேலை வாங்கி வந்தால் லட்சுமி வீட்டுக்கு வருகிறாள். வாசலில் வந்து நிற்கிறவனிடம் பெட்டியைத் திறந்து காசை எடுத்துக் கொடுத்தால் லட்சுமி வெளியே போகிறாள். கடையில் நின்றே காலம் தள்ளியவன், கடையை ஜனங்களின் வாசலுக்கு அனுப்பினான். அந்த வாசலின் முறையை நினைக்க மறந்துவிட்டான். லூர்துமேரி வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள். அவளுக்கு வெள்ளியும் ஒன்றுதான், வியாழனும் ஒன்றுதான்!

"நிறுத்துங்க!" என்று கத்தினான். "எழுதாதீங்க, எழுதாதீங்க! இதோ காசு கொண்டாரேன்."

உள்ளே திரும்பினால் கோகிலா நிலைப்படியில் கையை விரித்து நின்றாள்.

"என்னங்க இது? விளக்கு எரியுது. வெள்ளிக்கிழமையும் அதுவுமா வாசல்ல நிக்கிறவங்களுக்குக் காசு கொடுக்கப் போறீங்களா? இருக்கிற கொஞ்ச நஞ்சமும் போகணுமா?"

"கோகிலா, கேளு. நீ இப்போ என்ன சொன்னியோ அதைத்தான் அத்தனை வீட்டுப் பொம்பளைங்களும் சொல்லியிருக்காங்க. சேலை வேண்டாம்னு ஒருத்தரும் சொல்லல. வெள்ளிக்கிழமை வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. நாமதான் நல்ல நாள் பார்த்துப் பார்த்துப் புதன்கிழமை போட்டு, வெள்ளிக்கிழமை அவங்க வாசல்ல நிறுத்தியிருக்கோம்!"

கோகிலா அவனைப் பார்த்தாள். சைக்கிளில் இருந்த மஞ்சள் புள்ளிகளைப் பார்த்தாள். ஹசான் தொப்பியைச் சரி செய்துகொண்டு சாலையைப் பார்த்தார். அவள் உள்ளே போனாள். விளக்குக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அரிசிப் பானைக்குள் கைவிட்டுத் துழாவினாள். அவள் தனக்கென்று முடிந்து வைத்திருந்த காசு அது. கருணாகரனுக்கே அது அங்கே இருப்பது தெரியாது. கொண்டுவந்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"கொடுங்க. சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். கருணாகரனுக்கு அழுகை வந்துவிட்டது. ஹசானிடம் காசைக் கொடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அன்று பகல் முழுக்க இருவரும் உட்கார்ந்து விலாசங்களைப் புதுசாக எழுதினார்கள். ஒரு தடவை திரும்பியவை, இரண்டு தடவை திரும்பியவை, எல்லாம். வெள்ளியைத் தாண்டி எந்த நாளில் போய்ச் சேர வேண்டும்? திங்களுக்குள் சேர வேண்டும். செவ்வாய் என்றால் அதற்கும் சில வீடுகளில் கை நீளாது. திங்களில் சேர வேண்டுமென்றால் சனிக்கிழமை காலையே போட வேண்டும்.

"சனிக்கிழமையா?" என்றாள் கோகிலா. "சனிக்கிழமை யாராவது ஒரு காரியம் தொடங்குவாங்களா?"

"நாம தொடங்கல. மூணாவது தடவையா பண்றோம்."

"வாய் மட்டும் இருக்கு உங்களுக்கு."

சனிக்கிழமை தபாலாபீஸ் கதவு திறக்கும்போதே கருணாகரன் வாசலில் நின்றான். பூனை குறுக்கே வந்ததா என்று அவன் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாமென்று சாலையைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்ததில் ஒரு சாக்கடையில் கால் வைத்ததுதான் மிச்சம்.

பிறகு காத்திருப்பு. கடவுளே, அந்த வாரத்தை எப்படிச் சொல்வது! திங்கள் சாயங்காலம் மழை கொட்டியது. பார்சல் நனைந்திருக்குமோ? தபால் பஸ் நின்றிருக்குமோ? ஒரு நாள் தள்ளிச் செவ்வாயில் போய் நின்றிருக்குமோ? தீபாவளிக்கு இவ்வளவு கிட்டத்தில், இன்னும் தபால் சேலையை நம்பி யார் உட்கார்ந்திருப்பார்கள்? கணேசமூர்த்தி கடையில் ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு போயிருக்கமாட்டார்களா? இரண்டு தடவை வெறுங்கையோடு போன தபால்காரர் மூன்றாவது தடவை வந்தால் சிரிக்கமாட்டார்களா? இப்படியே போயிற்று. லூர்துமேரியின் பணம் வந்து சேரவே ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆகையால் பணத்தை இப்போது எதிர்பார்க்க முடியாது. திரும்பி வருகிறதா இல்லையா என்பது மட்டும்தான் அடையாளம். திங்கள் மறுத்திருந்தால் வெள்ளிக்குள் இங்கே வந்துவிடும்.

புதன்கிழமை ஹசான் அவர்கள் வாசலைத் தாண்டிப் போனார். வியாழக்கிழமையும் நிற்கவில்லை. கருணாகரன் இந்த முறை சிரிக்கவில்லை. போன வியாழன் சிரித்தது ஞாபகம் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை லாரி முதலில் வந்தது. சொன்னது போலவே மச்சான் நடராஜன் முன்சீட்டிலிருந்து குதித்தார். காக்கி அரைக்கால் சட்டை, முழங்கால் வரை செம்மண். லாரி ஓட்டி வந்தவன் இறங்கி மரத்தடியில் சிகரெட்டைப் பற்ற வைத்தான்.

"என்ன மாப்பிள்ளை? சாமானைக் கட்டலையா?"

"தபால்காரர் வந்துட்டுப் போகட்டும் மச்சான்."

"தபால்காரரு வந்தா என்ன, வரலன்னா என்ன? மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுதே. மானம் பார்க்காத மாப்பிள்ளை. வேலை பார்த்தா சோறு. சின்னப் பிள்ளையில அப்பாகூடப் போய் வெட்டினது ஒண்ணும் மறந்து போயிருக்காது, கை தானா ஓடும்." சொல்லிக்கொண்டே அவர் உள்ளே போய்க் கட்டிலை அசைத்துப் பார்த்தார். அவர் சட்டையிலிருந்து அந்த வாடை வந்தது. கருணாகரன் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றான். கோகிலா விளக்கை ஏற்றிவிட்டு, அதன் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். உதடு மட்டும் அசைந்தது.

மணி கேட்டது.

ஹசான் வளைவில் திரும்பினார். சைக்கிளின் பின்னால் ஒரு பழுப்புப் பொட்டலம். சணல் கயிறு. கருணாகரனின் கை நிலைக்கட்டையைப் பிடித்தது. ஒன்றுதானா, அதன் அடியில் இன்னும் இருக்கிறதா? ஹசான் இறங்கினார். சைக்கிளை நிறுத்தினார். பொட்டலத்தை அவிழ்த்தார். கருணாகரன் மஞ்சள் புள்ளியைத் தேடினான். கண்ணில் தண்ணீர் நின்றதில் எதுவும் தெரியவில்லை.

ஹசான் அவனைத் தாண்டி முன்கட்டுக்குப் போனார். "பொன்னம்மா! சிங்கப்பூர்ல இருந்து மக அனுப்பியிருக்கு!"

பொன்னம்மா கெபாயாவை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து வாங்கிக்கொண்டார். ஹசான் திரும்பி வந்து சைக்கிளைத் தொட்டார்.

"எனக்கு?" என்றான் கருணாகரன். மறுபடியும் கேட்டான். "எனக்கு ஒண்ணும் இல்லையா?"

"ஒண்ணும் இல்ல."

"பையில நல்லாப் பாருங்க. எதுவும் திரும்பி வரலையா? ஒண்ணுகூடவா?"

ஹசான் பையைத் திறந்து காட்டினார். சில கடிதங்கள். அவ்வளவுதான். "ஒண்ணுமே இல்லப்பா. தொழுகைக்கு நேரமாச்சு" என்று ஏறிப் போய்விட்டார்.

கருணாகரன் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தான். உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டு குலுங்கினான். நடராஜன் உள்ளேயிருந்து ஓடி வந்தார். முரட்டு மனுஷர்தான், ஆனால் மாப்பிள்ளை குலுங்குவதைப் பார்த்ததும் கலங்கிவிட்டார்.

"விடு மாப்பிள்ளை, விடு! ஒண்ணும் வரலன்னா போகட்டும். நான் இருக்கேன் இல்ல?"

"ஆமா மச்சான்!" கருணாகரன் கையை எடுத்தான். கன்னமெல்லாம் ஈரம், வாயெல்லாம் சிரிப்பு. "ஒண்ணுமே வரல மச்சான்! ஒண்ணுகூட வரல!"

நடராஜன் தங்கையைப் பார்த்தார். மாப்பிள்ளைக்கு மூளை கலங்கிவிட்டதோ என்று அவருக்குப் பயமாகிவிட்டது. கோகிலா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"எல்லாரும் வாங்கிக்கிட்டாங்கண்ணே. வித்துப் போச்சு. நாங்க எங்கேயும் வரல."

நடராஜனுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் மண்வெட்டி போலிருந்த கையால் மாப்பிள்ளையின் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தார். பிறகு மரத்தடியைத் திரும்பிப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். லாரிக்காரன் சிகரெட்டை மிதித்து அணைத்துவிட்டு அவர்கள் பக்கம் நடந்து வந்துகொண்டிருந்தான்.

"அது சரி தங்கச்சி, சும்மா வந்துட்டுப் போனாலும் அவனுக்கு வாடகை கொடுத்தாகணுமே. கையில ஏதாவது இருக்கா?"

கோகிலா விளக்கைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமைண்ணே. நாளைக்கு வந்து வாங்கிக்கச் சொல்லுங்க" என்றாள்.